பரலுக்குள் பிழையில்லாத எஞ்சின்

கடலில் எஞ்சின் ஓட்டுகிறவன் மீனைப் பற்றி நினைப்பது குறைவு. புறப்பட்டதிலிருந்து கரைக்கு வரும்வரை அவன் நினைப்பது ஒரு நூல் தண்ணீரைப் பற்றி. படகின் பின்பக்கம் தொங்குகிற எஞ்சின் கடல் தண்ணீரை அடியில் உறிஞ்சும். அந்தத் தண்ணீர் எஞ்சினின் உடம்பைக் குளிரவைத்துவிட்டு, மேலே ஒரு சின்னத் துவாரத்தால் பீச்சிக்கொண்டு வெளியே வரும். நூல் தடிப்பாகப் போனால் எஞ்சின் சுகமாக இருக்கிறது. மெலிந்தால் சூடு ஏறுகிறது. நூல் அறுந்தால் கொஞ்ச நேரத்தில் எஞ்சினும் நின்றுவிடும். எங்கள் கரையில் இதை நாகரிகமாகச் சொல்ல யாருக்கும் தெரியாது. "மூத்திரம் போகுதா?" என்றுதான் கேட்பார்கள். ஆளுடைய சுகத்தை அதற்குப் பிறகுதான் விசாரிப்பார்கள்.

நான் முல்லைத்தீவில் பிறந்தவன். சண்டை துரத்தித் துரத்திப் புத்தளத்துப் பக்கம் கொண்டுவந்து விட்டது. கண்டக்குழியில் ஒரு ஓலைக் கொட்டில் போட்டுக்கொண்டு, கடல் நிலத்துக்குள் புகுந்து கிடக்கிற களப்புப் பக்கத்தில் ஒரு ஹாஜியாரின் பைபர் படகை ஓட்டினேன். பின்னேரம் புறப்பட்டு, ராத்திரி வலையோடு கிடந்து, விடிய வருவது வேலை. எஞ்சின் வேலையை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. படுத்தாலும் நித்திரை வராத உடம்பு. பகலில் எதையாவது கழற்றிக்கொண்டு இருப்பேன், கழற்றியதைத் திரும்பப் பூட்டத் தெரியாதபோது மெக்கானிக்கிடம் ஓடுவேன்.

தண்ணீர்ப் பம்போ, மோட்டார் சைக்கிளோ, தையல் மெஷினோ, எதையாவது ஒரு மெக்கானிக்கின் கையில் கொடுத்துவிட்டு அவன் வாசலில் குந்தியிருந்து பழக்கப்பட்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். நம் எல்லோருக்கும் ஒரே வருத்தம்தான். ஆனால் உங்கள் மெஷின் நின்றால் நீங்கள் ரோட்டில் நிற்பீர்கள். என் எஞ்சின் நின்றால் நான் நிற்க மாட்டேன், நீரோட்டம் என்னை வடக்கே இழுத்துக்கொண்டு போகும். அந்த வருஷங்களில் வடக்கே இழுபட்டுப் போன படகை யாரும் நிறுத்திப் பெயர் கேட்கவில்லை.

பரல் சோதனை

சோளகக் காற்று முழுதாக ஓயாத ஒரு பின்னேரம், களப்பு வாயைத் தாண்டிக் கொஞ்ச நேரம் ஓடியிருப்போம், பெயின்ட் கருகுகிற மணம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். நூலைக் காணவில்லை. துவாரத்தில் ஒரு சொட்டு நின்று நடுங்கியது. உடனே எஞ்சினை நிறுத்தினேன். மூடியில் கை வைக்க முடியவில்லை. அது ஆறும்வரை சும்மா மிதந்தோம். ஆறிய பிறகு கயிற்றை இழுத்தால், ஒன்றுமே நடக்காதது மாதிரி ஸ்டார்ட் எடுத்தது. நூலும் தடிப்பாகப் பீச்சியது.

அடுத்த நாள் எஞ்சினைத் தோளில் வைத்துக்கொண்டு பெனடிக் பாஸிடம் போனேன். கைவேலை தெரிந்த எவரையும் இந்தப் பக்கத்தில் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். இவர் சிலாபத்துக்காரர். கற்பிட்டி ரோட்டோரம் தகரக் கொட்டகை ஒன்றில் எஞ்சின் திருத்தினார். தமிழும் சிங்களமும் ஒரே வசனத்தில் பேசுவார். கொட்டகை நடுவில் இரும்புப் பரல் ஒன்றில் நல்ல தண்ணீர் நிரப்பி வைத்திருப்பார். வருகிற எஞ்சினையெல்லாம் அதன் விளிம்பில் கொழுவி, தண்ணீருக்குள் ஓடவிட்டுத்தான் பார்ப்பார்.

எங்கள் எஞ்சினையும் கொழுவினார். ஓடியது. நூல் எதிர்ச் சுவரில் போய் அடித்தது. பாஸ் அதற்குக் கீழே கையை நீட்டி, முகத்தைக் கழுவி, சாரத்தில் துடைத்துக்கொண்டார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எஞ்சினுக்கு ஒண்ணும் இல்ல அண்ணே. சூடு உங்களுக்குத்தான். ஒரு பிளேன்டி குடிச்சிட்டு வீட்ட போங்க."

மூடி

அந்தப் பால் போடாத பிளேன்டியைக் குடித்தேன். ஆனால் அந்த வாரமே எஞ்சின் திரும்பவும் சூடானது. இந்த முறை பாஸ் என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. தண்ணீர்ப் பம்புக்குள் இருக்கிற றப்பர்ச் சில்லைத்தான் மாற்ற வேண்டும் என்றார், மாற்றினார். பிறகு சூட்டுக்குத் திறந்து மூடுகிற ஒரு சின்ன வால்வைக் கழற்றி, "இது இல்லாட்டித்தான் நல்லம்" என்று ஒரு டப்பாவுக்குள் போட்டார். பிறகு எஞ்சினின் தலையைத் திறந்து வைத்துவிட்டு, "நாளைக்குக் காலைல வாங்க, ஹரியா?" என்றார்.

காலையில் போனால் ஆள் இல்லை. மத்தியானம் போனால் எஞ்சின் மட்டும் சாக்கால் மூடிக் கிடக்கும், ஆள் இல்லை. முன்னேஸ்வரத்துத் திருவிழாவுக்குப் போய்விட்டார் என்று அவருடைய மனைவி ஒருநாள் சொன்னார். திருவிழா முடிந்து சாமியே இறங்கியிருக்கும், பாஸ் வந்து சேரவில்லை. அந்த நாட்களில் ஹாஜியார் வாடகைக்கு எடுத்துத் தந்த ஒரு கிழட்டு எஞ்சினோடு கடலுக்குப் போனேன். அதற்கு நூல் இருந்தது, ஓட்டம்தான் இல்லை.

ஒரு பின்னேரம் களப்பில் ஒரு படகு எங்களை முந்திக்கொண்டு பறந்தது. அதன் எஞ்சினில் சிவப்பு மூடி. மூடியின் இடது பக்கத்தில் ஒரு கீறல். அந்தக் கீறலை நானே ஒரு நங்கூரத்தால் போட்டவன், எனக்குத் தெரியாதா? எங்கள் எஞ்சினின் மூடிதான். அடுத்த நாள் பாஸைக் கண்டதும் கத்தினேன். அவருக்கு முகம்கூட மாறவில்லை.

"அவன்ட ஓடுற எஞ்சின் அண்ணே. மழை பட்டா கெட்டுப்போகும். உங்கட நிக்கிற எஞ்சினுக்கு இப்ப என்னத்துக்கு மூடி?"

கை தெரிய இருப்பது

மூடி வந்தது. எஞ்சினும் வந்தது. பரலுக்குள் அது ஓடிய அழகைப் பார்த்து எனக்கே வெட்கமாக இருந்தது. கடலிலும் சில நாள் ஒழுங்காகவே ஓடியது. படகில் என்னுடன் வலை வேலைக்கு வருகிற ஜவ்பர் கண்டக்குழிப் பிள்ளை. என்னைவிட இளையவன், வாய் மட்டும் என்னைவிட மூப்பு. "அண்ணே, சனியன் விட்டுட்டுது" என்றான்.

அன்றைக்குப் போகும்போதே நூல் கொஞ்சம் மெலிந்துதான் இருந்தது. மெதுவாக ஓட்டி, நிறுத்தினால் திரும்ப எடுக்காதோ என்று ராத்திரி முழுக்க எஞ்சினை நிறுத்தாமலே வலை விட்டு, இழுத்து வாங்கினோம். திரும்பும்போது வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. தெற்கிலிருந்து காற்று முகத்தில் அடித்ததால், அதை வெட்டிக்கொண்டு வர எஞ்சினைக் கொஞ்சம் விரட்டினேன். அது நின்றுவிட்டது. காற்றும் நீரும் சேர்ந்து படகை வடக்கே தள்ளின.

நேவி வைத்த எல்லை என்பது கடலில் கோடாகக் கிடக்காது. குதிரைமலைப் பக்கத்துச் செம்மேடு தூரத்தில் தெரியும். அதற்கு இங்கால் நின்றால் நீ மீன்காரன். அங்கால் போனால் நீ யார் என்பதை வேறு ஆட்கள் முடிவு செய்வார்கள். அந்த இடத்தில் எஞ்சின் நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று எல்லாப் படகுக்காரருக்கும் தெரியும்: சேர்ட்டைக் கழற்ற வேண்டும். பலகையில் நிமிர்ந்து இருக்க வேண்டும். இரண்டு கையும் முழங்காலின்மேல், தூரத்திலிருந்து தெரிகிற மாதிரி. குனியவே கூடாது. எஞ்சினைத் திருத்தக் குனிகிறவனும் அடிப்பலகைக்குக் கீழே இருந்து எதையோ எடுக்கக் குனிகிறவனும் தூரத்தில் நிற்கிறவனுக்கு ஒரே மாதிரித்தான் தெரிவார்கள். ஆகவே எஞ்சினைத் தொட வேண்டிய நேரத்தில்தான் அதைத் தொட முடியாது. கையை முழங்காலில் வைத்துக்கொண்டு, முதுகுக்குப் பின்னால் அது டிக், டிக் என்று ஆறுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மேடு கிட்ட வந்துகொண்டே இருந்தது. ஜவ்பர் சாகிற நேரத்தில் சொல்கிற கலிமாவைச் சொல்லத் தொடங்கிவிட்டான்.

நேவிப் படகு வந்தது. எங்களைச் சுற்றி வட்டம் போட்டது. ஜவ்பர் சிங்களத்தில், எஞ்சின் பழுது என்றான். அடையாள அட்டைகளை வாங்கினார்கள். அவனுடையதை உடனே திருப்பிக் கொடுத்தார்கள். என்னுடையதில் பிறந்த இடத்தைப் பார்த்தவன் அதைப் பக்கத்திலிருந்தவனுக்குக் காட்டினான். பிறகு என்னைப் பார்த்து, கயிற்றை இழு என்று சைகை காட்டினான். எழும்பிப் போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, இந்த எஞ்சின் ஸ்டார்ட் எடுக்கக் கூடாது என்று கடவுளைக் கேட்டுக்கொண்டு இழுத்தேன்.

ஒரே இழுவையில் எடுத்தது. நூல், பரலுக்குள் அடித்த மாதிரித் தடிப்பாக அடித்தது. அட்டையைக் கையில் வைத்திருந்தவன் கொஞ்ச நேரம் அந்த நூலையே பார்த்தான். தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான்:

"பழுது எண்டு சொன்ன. இப்ப ஓடுது. அடுத்த முறை நான் கேக்க மாட்டேன்."

ஓதின தண்ணீர்

கரைக்கு வந்தோம். ஹாஜியார் தன் மீன் வாடிக்கு வெளியே கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார். நல்ல மனிதர். ஊர் பேர் தெரியாத என்னை நம்பிப் படகைத் தந்தவர். நடந்ததை ஜவ்பர் கையையும் காலையும் ஆட்டிச் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவனை வலையைப் பார்க்க அனுப்பிவிட்டு, என்னைக் கிட்டக் கூப்பிட்டார். குரலைத் தணித்தார்.

"மவன், அல்லா அறிய ஒரு கேள்வி. பாஸ்ட பரல்ல அது ஒரு நாளும் நிக்கல்ல. உனக்கு முந்தி ஓட்டின ஆக்களுக்கும் அது நிக்கல்ல. உனக்கு மட்டும், அதுவும் அந்தப் பக்கம் போய் நிக்குது. நீ வேணுமெண்டு போறல்ல தானே?"

நேவிக்காரன் கேட்க மாட்டேன் என்றதைவிட ஹாஜியார் கேட்டதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. இனி எஞ்சின் நின்றால் கடலில் நம்ப ஒருவனும் இல்லை, கரையில் நம்ப இருந்த ஒருவரும் பாதி போய்விட்டார். என் முகத்தைப் பார்த்து அவருக்கே மனம் கேட்கவில்லை போல. அன்றைக்கே பள்ளிவாசலிலிருந்து ஒரு போத்தலில் ஓதின தண்ணீர் வாங்கிக்கொண்டு, என்னையும் எஞ்சினையும் கூட்டிக்கொண்டு பாஸின் கொட்டகைக்கு வந்தார். கண்ணூறாக இருக்கும், எஞ்சினின் தலையில் ஊற்றச் சொன்னார். பாஸ் போத்தலை இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கினார்.

"ஊத்துவோம் ஹாஜியார். கண்ணூறோ இல்லையோ, இந்தச் சனியனுக்கு உள்ள தண்ணி போகாததுதான் வருத்தம்."

வரிசை

வாசிக்கிறவர்களுக்கு எங்கள் வரிசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். களப்பு வாய்க்குக் கிட்ட, தண்ணீருக்குள் மரத்தால் அடித்த ஒரு நேவி மேடை இருந்தது. ஒவ்வொரு பின்னேரமும் எல்லாப் படகும் அதற்கு முன்னால் வரிசையில் நின்று, பெர்மிட்டையும் அடையாள அட்டையையும் காட்டித்தான் வெளியே போகலாம். அந்த இடத்தில் தண்ணீர் இடுப்பளவுக்குத்தான். அடியில் முழுக்கச் சாதாழை. பாய் விரித்த மாதிரிக் கடற்புல்.

வரிசையில் யாரும் எஞ்சினை நிறுத்துவதில்லை. சட்டம் எதுவும் இல்லை. எப்போதோ ஒரு மனிதன் மேடைக்கு முன்னால் எஞ்சினை நிறுத்தியிருக்கிறான். திரும்ப ஸ்டார்ட் எடுக்கவில்லை. பதற்றத்தில் குனிந்து குனிந்து கயிற்றை வெட்டி இழுத்திருக்கிறான். மேடையில் நின்றவனுக்கு அந்தக் கை எதையோ இழுத்து எறிகிற கை மாதிரித் தெரிந்திருக்கிறது. அவனுக்குத் துவக்குச் சூடு தோளில் பட்டது, பிழைத்துக்கொண்டான் என்று சிலர் சொல்வார்கள். பிழைக்கவில்லை என்று சிலர் சொல்வார்கள். எப்படியோ, அதற்குப் பிறகு ஒருவனும் நிறுத்தவில்லை. மெதுவாக முறுக்கி வைத்துக்கொண்டு, கையை வெளியே வைத்துக்கொண்டு நிற்பார்கள். நிற்கிற படகுகள் எல்லாம் உறுமிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று. வடக்கில் பிறந்தவன் ஓட்டுகிற படகைக் கடைசியில்தான் பார்ப்பார்கள். நாங்கள் முதலாவதாகப் போய் நின்றாலும் கை காட்டி ஒதுக்கிவிடுவார்கள். பின்னால் வந்தவன் எல்லாம் போவான். தனியே மிஞ்சி நின்று உறுமுகிற படகு எங்களுடையதாகத்தான் இருக்கும். ஜவ்பர் ஒரு பின்னேரம் பலகையில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு சொன்னான்:

"அண்ணே, ஒங்களோட வந்து நான் மீன் புடிக்கப் பழகினதவிட நிக்கப் பழகினதுதான் கூட."

பாஸ் கடலுக்கு வந்தார்

கடைசியில் ஹாஜியார்தான் வழி கண்டுபிடித்தார். பாஸைப் பார்த்து, "பிழை இல்ல இல்ல எண்டு நீங்கதானே சொல்ற. அப்ப ஒரு நாள் அதுல போய்ட்டு வாங்க" என்றார். மேடையில் சொல்லி அவருக்கு ஒரு நாள் பெர்மிட்டும் எடுத்துவிட்டார். பாஸ் பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். அதற்கு முன் எத்தனையோ 'நாளைக்குக் காலை'களில் வராத மனிதன் அன்று பின்னேரம் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றார். இடுப்பில் ஒரு வெறும் பிளாஸ்ரிக் கேனைக் கயிற்றால் கட்டியிருந்தார். ஏன் என்று கேட்டேன். தனக்கு நீந்தத் தெரியாது, சீவியத்தில் படகில் ஏறியதில்லை என்றார். இந்தக் கரையில் ஓடுகிற எஞ்சின்களில் பாதி அவர் கை பட்டது. ஒன்றாவது கடலில் ஓடுவதை அவர் கண்டதில்லை.

வரிசையில் வழக்கம்போல எங்களை ஒதுக்கினார்கள். பாஸ் எஞ்சினுக்குப் பக்கத்தில் குந்தி, பரலில் செய்கிற மாதிரி நூலுக்குக் கீழே கையை வைத்திருந்தார். படகுகள் ஒன்றொன்றாகப் போயின. கொஞ்ச நேரத்தில் அவர் கையைப் பார்த்தார். நூலைப் பார்த்தார். அது மெலிந்துகொண்டிருந்தது. மெல்ல எட்டித் தண்ணீருக்குள் பார்த்தார். நானும் பார்த்தேன். இவ்வளவு நாளும் நான் அங்கே மேடையை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எங்களைச் சுற்றித் தண்ணீர் பச்சையாக இருந்தது. அத்தனை படகின் காற்றாடியும் வெட்டிக் கலக்கிய புல், அரிந்த கீரை மாதிரி மிதந்தது. அவர்கள் போய்விட்டார்கள். புல் எங்களிடம் மிஞ்சி நின்றது.

"அண்ணே, எல்லாரும் வெட்டின புல்ல உங்கட எஞ்சின்தான் உறிஞ்சுது. வாய்ல ஒட்டிக்கிட்டு நிக்கும். நிப்பாட்டினா இழுவை இல்ல, கழண்டு விழுந்துடும். அப்ப நான் பரல்ல என்னத்தக் காணுறது?" என்று பாஸ் என் காதுக்குள் சொன்னார். சொல்லிக்கொண்டே, நான் பிடிப்பதற்குள், கையை நீட்டி எஞ்சினை நிறுத்திவிட்டார்.

அப்படி ஒரு அமைதியை அந்த இடத்தில் நான் கேட்டதில்லை. மேடையில் நின்றவன் திரும்பினான். துவக்கும் அவனோடு திரும்பியது. ஜவ்பர் கண்ணை மூடிவிட்டான். பாஸ் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, இடுப்பில் கேன் ஆட, சிங்களத்தில், "மாத்தயா, எஞ்சின் புல் தின்னுது, தூக்கிக் காட்டட்டா?" என்றார். குரல் கிறீச்சிட்டது. அவன் தூக்கு என்று துவக்கு முனையால் காட்டினான். எஞ்சினின் கால்பாகத்தைத் தண்ணீரிலிருந்து மேலே சாய்த்தோம். தண்ணீர் உறிஞ்சுகிற சல்லடை தெரியவில்லை; புல் பிளாஸ்திரி மாதிரி அதில் அப்பியிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கொத்து தானாகக் கழன்று தண்ணீரில் விழுந்தது. பாஸ் மிச்சத்தை உரித்து உயர்த்திக் காட்டினார்.

அவன் மேடையின் விளிம்புக்கு வந்து குனிந்து பார்த்தான். கிட்டப் பார்த்தபோதுதான் அவனுடைய மேலுதட்டில் வியர்வை நின்றது தெரிந்தது. விரல் இன்னும் விசையில்தான் இருந்தது. சிங்களத்தில் என்னவோ நீளமாகச் சொன்னான். பாஸ் கையை இறக்காமலே எங்களுக்குத் தமிழில் சொன்னார்:

"நீங்க ஏன் ஒரு நாளும் நிப்பாட்டுறல்ல எண்டு கேக்கிறான். எஞ்சினை ஓடவிட்டுக்கிட்டு நிக்கிறவன் எந்த நேரம் பாய்வானோண்டு அவங்களுக்கு ஒவ்வொரு நாளும் பயமாம்."

கயிறு

போகலாம் என்று கை காட்டினான். போக வேண்டுமென்றால் கயிற்றை இழுக்க வேண்டும். அவனும் இப்போது அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மேடையில் இன்னொருவனும் வந்து நின்றான். நான் கயிற்றுப் பிடியைப் பிடித்தேன். முல்லைத்தீவில் பிறந்தவனுடைய கை எதைச் செய்தாலும் பிழையாகத்தான் தெரியும் என்று எனக்கே விளங்கியது. பாஸ் அந்தப் பிடியை என் விரல்களிலிருந்து ஒவ்வொன்றாக விடுவித்து எடுத்தார். "நீங்க இருங்க அண்ணே. கையை முழங்கால்ல வைங்க. நான் சிலாபம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

மேடையைப் பார்த்தபடியே, மெதுவாக, ஒரு பிள்ளைக்கு ஊஞ்சல் ஆட்டுகிற மாதிரி இழுத்தார். எடுக்கவில்லை. திரும்பவும் இழுத்தார். எடுக்கவில்லை. நான் கையை முழங்காலிலிருந்து எடுக்கவில்லை. மூன்றாவது இழுவைக்கு எஞ்சின் இருமி, பிடித்துக்கொண்டது. நூல் தடிப்பாக எழுந்தது.

அன்று எஞ்சின் சூடாகவே இல்லை. போகும்போதும் வரும்போதும் நூல் ஒரே தடிப்பு. பாஸ்தான் வழி முழுக்க வாந்தி எடுத்தார். வலையில் நல்ல அறக்குளா மீன் பட்டதையும் அவர் பார்க்கவில்லை, கேனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அடிப்பலகையில் கிடந்தார். விடிய இறங்கி, ஈர மணலில் அப்படியே குந்தி, கொஞ்ச நேரம் தரையைத் தடவிக்கொண்டிருந்தார். ஹாஜியார் ஓடி வந்து, "பிழையக் கண்டுபுடிச்சீங்களாமே?" என்று தோளைத் தொட்டார். பாஸ் என்னைக் காட்டினார்:

"எஞ்சின்லயும் பிழை இல்ல, இந்த மனுசன்லயும் பிழை இல்ல ஹாஜியார். இனி எஞ்சினை என்ட பரலுக்குக் கொண்டு வரச் சொல்லுங்க, என்னை அதோட கடலுக்கு அனுப்பாதீங்க."

நிறுத்திய பிறகு

அடுத்த பின்னேரம் ஹாஜியார் தானே கரைக்கு வந்து எங்கள் படகைத் தள்ளிவிட்டார். மன்னிப்புக் கேட்கவில்லை. தன் குடையை என்னிடம் தந்து, வரிசையில் வெயிலுக்குப் பிடி என்றார். எனக்கு அது போதும்.

கொஞ்சம் கொஞ்சமாக மற்றப் படகுகளும் வரிசையில் எஞ்சினை நிறுத்தப் பழகின. நிறுத்திவிட்டுக் கம்பால் ஊன்றி ஊன்றி முன்னால் போவோம். புல்லைக் கலக்க ஆள் இல்லை, யாருடைய எஞ்சினுக்கும் சூடு இல்லை. ஆனால் அந்த அமைதியில் மேடையில் பூட்ஸ் நடக்கிற சத்தம் முழுதாகக் கேட்கும். பிறகு மேடையில் ஆட்கள் மாறினார்கள். புதிதாக வந்தவன் முதல் நாளே எங்களைப் பார்த்து, ஏன் எல்லோரும் நிறுத்திவிட்டு ஒளித்து நிற்கிறீர்கள் என்று கத்தினான். பாஸ் அன்றைக்குத் தன் கொட்டகையில் பத்திரமாக இருந்தார். புல்லின் கதையை யார் சொல்வது என்று படகுக்குப் படகு பார்த்துக்கொண்டோம். ஜவ்பர்தான் எழும்பிக் கையைத் தூக்கிச் சொன்னான். முடித்துவிட்டு என் பக்கத்தில் தொப்பென்று விழுந்து, பல்லுக்குள்ளால் சொன்னான்:

"ஒவ்வொரு தரமும் ஆள் மாற, ஒவ்வொரு தரமும் நான் இவங்களுக்குப் புல்லக் காட்டோணும் போல."

எங்களைக் கடைசியில் பார்ப்பது மட்டும் மாறவேயில்லை. ஆகவே முல்லைத்தீவில் பிறந்துவிட்டுக் கற்பிட்டிக் களப்பில் படகு ஓட்டுகிறவன் எஞ்சினை நிறுத்தத் தெரிந்தவனாகவும், அது திரும்பப் பிடித்துக்கொள்ளும்வரை மூச்சையும் நிறுத்தி வைக்கத் தெரிந்தவனாகவும் இருக்க வேண்டியிருந்தது.